பச்சையப்பனுக்குள் ஒரு சாலை மறியல்

பச்சையப்பனுக்குப் பிறந்தநாள் என்றால் பாகூர்ப் பக்கத்தில் ரத்ததான முகாம் உண்டு. பாசன சங்கத்தின் முன்னாள் துணைத் தலைவரான அவர்தான் முதல் ஆளாகப் படுப்பார். கேமரா வந்த பிறகுதான் ஊசி ஏறும். இந்த வருஷம் அவருடைய இடது கெண்டைக்கால் முற்றிய சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மனைவி அமுதம் கேட்டதற்கு, "காலையிலேர்ந்து எத்தினி பேரு கால்ல வுழுந்தான்? நெத்தியால இடிச்சிருப்பானுங்கடி" என்றார்.

சில நாளில் ரத்த வங்கியிலிருந்து போன். பேசி முடித்ததும் கதவைச் சாத்தினார். அவர் ரத்தத்தில் சிபிலிஸ் என்கிற மேகநோய்க்கு அடையாளம் தெரிகிறதாம்.

"யாருய்யா அவ?"

"சத்தியமா எவளும் இல்லடி!"

அமுதம் உடனே நம்பிவிட்டாள். தெருக்குழாய்க்கு வாஷர் மாற்றியதற்கே ஃப்ளெக்ஸ் வைத்த மனுஷன், இதை மட்டும் அடக்கி வாசித்திருப்பாரா? அவள் கவலையெல்லாம் அந்தக் கால்தான். அது சிவந்து, பருத்து, தொட்டால் சுட்டது. அவரோ ஆஸ்பத்திரிக்குப் போனால் மானம் போய்விடும் என்று கட்டிலை விட்டு இறங்கவில்லை.

கடைசியில் முகத்தைத் துண்டால் மூடி ஆட்டோவில் ஏற்றினாள். பிறந்தநாளுக்கு ஊருக்கெல்லாம் கொடுத்த துண்டு அது. பேரும் பட்டமும் பெரிசாக அச்சடித்திருந்ததால், வழியில் நின்றவர்களெல்லாம் வணக்கம் வைத்தார்கள்.

டாக்டர் அர்ச்சனா முதலில் காலைத்தான் பார்த்தார். ஸ்கேன் எடுத்ததில், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாகக் கிடந்தது. ஊசி போட்டு, ரத்த வங்கி சொன்னதை அமுதம் வாயால் கேட்டு, மறு சோதனைக்கு ரத்தம் அனுப்பி, மத்தியானம் திரும்பி வந்தார்.

"ஐயா, ரெண்டாவது சோதனையில உங்களுக்கு மேகநோய் கெடையாதுன்னு வந்துடுச்சு."

பச்சையப்பன் துண்டை இறக்கினார்.

"மொதல் சோதனையில ஒரு கொழுப்புப் பொருளை வெச்சுத்தான் பாப்பாங்க. கிருமியோட சண்ட போட வேண்டிய ஆன்டிபாடி, உங்க ஒடம்புல கொழுப்பையும் அதுல ஒட்டுன சொந்தப் புரதத்தையுமே எதிரின்னு புடிச்சிக்குது போல. அதான் அங்க தப்பாக் காட்டியிருக்கு. இதுக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட்னு பேரு. அது ரத்தக்குழாய்ச் சுவரை உசுப்பிவிடும், பிளேட்லெட்னு சொல்ற தட்டணுவெல்லாம் கூட்டம் சேரும், ரத்தம் உறைஞ்சிடும்."

"புரியல."

"தவளக்குப்பம் ஜங்ஷன்ல மறியல் பண்ணியிருக்கீங்களா?"

"எத்தினி தடவ!" நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது இப்ப உங்க காலுக்குள்ள நடக்குது."

"கோரிக்கை இன்னா?"

"கோரிக்கையெல்லாம் இல்ல."

"கோரிக்கை இல்லாம மறியலா? தலைமை யாரு? கூப்புடுங்க, பேசிப் பாக்கலாம்!"

"நம்ம ஆளுங்கதான்யா" என்றாள் அமுதம். "போன ஊர்வலத்துல உங்க வலது கை பாக்யராஜ், நம்ம வேட்பாளரையே எதிர்க்கட்சின்னு சாத்துனானே, அந்த மாதிரி."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கட்டி பிச்சிக்கிட்டு நுரையீரலுக்குப் போனா உசுருக்கே ஆபத்து. இன்னிக்கே அட்மிட் ஆகணும்."

"சாயங்காலம் எனக்குப் பாராட்டு விழா" என்று பச்சையப்பன் எழுந்தார். மானம் திரும்பியதில் கால் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

அமுதத்துக்கு அவரைத் தெரியும். கெஞ்சினால் கேட்கிற ஆளில்லை. அழுதால் அதற்கும் போட்டோ எடுக்கச் சொல்வார்.

"போய்யா. ஆனா சக்கரயும் பிரஷரும் எவனுக்கும் வரும். இம்மாம் பெரிய பேருல ஒரு வியாதி நம்ம கொம்யூன் பஞ்சாயத்துல எவனுக்காவது இருக்குதா? பெட்டுல படுத்த போட்டோ இல்லாம ஃப்ளெக்ஸ் எப்புடி அடிக்கிறது?"

பச்சையப்பன் துண்டைப் பேர் தெரிகிற மாதிரி தோளில் போட்டார். பிறகு படுத்தார்.

"டாக்டரம்மா, அந்தப் பேர இன்னொரு வாட்டி சொல்லுங்க. பாக்யராஜ் எழுதிக்குவான்."

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுக் கேரியரோடு பஸ்ஸில் வந்த அமுதம் ஜங்ஷனில் அதைப் பார்த்தாள். "மேகநோய் இல்லையென நிரூபித்த உத்தமர்! எதிரிகளே இல்லாததால் தன்னைத்தானே எதிர்க்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிங்கம்!" அதுவரை ஊரில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

"நிரூபிக்கிற அளவுக்கு இன்னாடி நடந்துச்சாம்?" என்று முன் சீட்டுக்காரி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அமுதம் கேரியரைச் சுற்றியிருந்த துண்டின் அச்சடித்த பக்கத்தை உள்ளே திருப்பிக்கொண்டாள்.

வார்டில் டாக்டர் சொன்னார்: சந்தேகப்பட்டது சரிதான், மூணு மாசம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையை விடவே கூடாது. பச்சையப்பன் காதில் ஒன்றும் விழவில்லை. பாக்யராஜும் ஆட்களும் காலில் விழ வரிசையில் நின்றார்கள்.

அமுதம் முதலில் இடது காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடு தணிந்திருந்தது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "வலது கால்ல மட்டும் வுழுங்கடா" என்றாள்.