கண்ணாடியில் ஒட்டிய ஆயிரம் ரூபா

நோர்வூட் கடைவீதியில் மதுசூதனன் முதலாளியின் பலசரக்குக் கடைக்குப் போனவர்கள் வாசல் அலுமாரியின் கண்ணாடியைப் பார்த்திருப்பார்கள். முதலாளி தன்னிடம் வரும் கள்ள நோட்டுகளை அதில் ஒட்டி, கீழே துண்டுக் கடதாசியில் கொண்டுவந்தவரின் பெயரையும் ஊரையும் எழுதிவைப்பான். டவுன்காரர் ஒருவரின் பெயரும் அதில் ஏறியதில்லை. எல்லாம் தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் ஆட்கள்தான்.

பதினோரு நாளாக அதில் என் அம்மாவின் பெயர் இருந்தது. மீனம்மா, ஏழாம் லயம்.

சம்பளத்தில் வந்த நோட்டு. மாவும் சீனியும் வாங்கக் கொடுத்திருக்கிறார். ஆயிரம் ரூபா நோட்டில் இரண்டு இடத்தில் ஒரே தொடர் இலக்கம் இருக்கும். இதில் ஒன்று ஆறில் முடிந்தது, மற்றது ஏழில். ஒழுங்காக அடிக்கக்கூடத் தெரியாத கள்ளன் என்று முதலாளி சிரித்தானாம். நின்றவர்களும் சிரித்தார்களாம். அம்மா வெறும் பையோடு வீட்டுக்கு வந்து, "அது நல்ல நோட்டுதான்டி" என்றார். பார்த்து வாங்கத் தெரியாதா என்று நான் கத்தினேன். அன்றிலிருந்து அவர் அந்தக் கடை வாசலைக் கடப்பதில்லை. டவுனுக்குப் போனால் மீன்கடைச் சந்து வழியாகச் சுற்றித்தான் பஸ்ஸுக்கு வருவார்.

கள்ள நோட்டாகவே இருந்தாலும் பெயரை எழுதித் தொங்கவிட இவன் யார் என்று கேட்டு, கண்ணாடியைப் படமெடுத்து முகநூலில் போட்டேன். மறுநாள் கண்டியிலிருந்து விஜிதரன் என்பவர் எழுதினார். நோட்டுகள் சேகரிக்கிறவர். கள்ள நோட்டு அடிக்கிறவன் ஒரு நல்ல நோட்டைத்தான் அப்படியே பிரதி எடுப்பான், அதில் இரண்டு இலக்கமும் ஒன்றாகத்தான் வரும் என்றார். இலக்கம் மாறியிருந்தால் அச்சகத்தில் இலக்கம் போடும் இயந்திரம் பிசகியிருக்கலாம். அப்படிப்பட்ட நோட்டுக்கு நல்ல விலை உண்டு. யாராவது சுரண்டித் திருத்தியிருக்கிறார்களா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். ஆனால் பேனா எழுத்துப் பட்டிருந்தால் விலை போகாது என்றார்.

சனிக்கிழமை, கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரம் பார்த்துப் போனேன்.

"முதலாளி, அந்த நோட்டக் கழட்டுங்க."

"வாங்க கெம்பஸ் மேடம்," என்றான், நான் பல்கலைக்கழகம் போய்ப் படித்ததைக் குத்தி. "படிச்சு முடிச்சிட்டு கள்ள நோட்டுக்கு வக்காலத்தா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் விஜிதரன் சொன்னதை எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். விலை என்ற சொல் வந்ததும் சீனி நிறுத்துக்கொண்டிருந்த முதலாளியின் கை நின்றது. கிட்ட வந்து குரலைத் தணித்தான்.

"இங்க பாரு புள்ள, ஒங்கம்மா பாவம். ஐயாயிரம் தாரேன், வாங்கிட்டுப் போ. நோட்டு இங்கயே இருக்கட்டும்."

நான் குரலைத் தணிக்கவில்லை. "கள்ள நோட்டுக்கு எதுக்கு முதலாளி ஐயாயிரம்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பஸ் கண்டக்டர் வீரய்யா அண்ணன் மட்டும், கழட்டித்தான் காட்டுங்களேன் என்றார். முதலாளி பிளேடால் டேப்பைக் கீறி நோட்டை எடுத்தான்.

வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நீர்க்குறி இருந்தது. பாதுகாப்பு நூல் அறாமல் ஓடியது. அச்சு விரலில் தட்டுப்பட்டது. பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு இலக்கத்தையும் பார்த்தேன். சுரண்டல் இல்லை, திருத்தம் இல்லை. வீரய்யா அண்ணனும் வாங்கிப் பார்த்தார்.

வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்த நிழல் என்னவென்று அவர்தான் நோட்டைத் திருப்பினார். பின்பக்கம் நீலப் பேனாவில் பெரிதாக, 'கள்ளம் – மீனம்மா.' ஆள் மறக்காமலிருக்க எழுதிவைத்த குறிப்பு. முதலாளியின் கையெழுத்து.

அவன் முகம் விழுந்தது. அடுத்த நிமிடமே நிமிர்ந்தது. "அப்ப இனி இத எவன் வாங்குவான்? கொண்டு போ."

"எழுதுனது யாரு?" என்றேன். வேண்டுமென்று எழுதிக் கெடுத்த நோட்டை வங்கி மாற்றித் தராது. அப்படிக் கெடுப்பது குற்றம். அதைச் சிங்களத்திலும் ஒருமுறை சொன்னேன், பால்மா வாங்க நின்ற பொலிஸ்காரரின் மனைவிக்கும் விளங்கட்டும் என்று.

கல்லாவைத் திறந்து புது ஆயிரம் ஒன்றை மேசையில் எறிந்தான். எடுத்துக்கொண்டேன். பிறகு பழையதை அவன் பக்கம் தள்ளினேன்.

"இருந்த எடத்துலயே ஒட்டுங்க. பின்பக்கம் வெளிய தெரியணும். கீழ நான் சொல்றத எழுதுங்க. பதினோரு நாள் இருக்கணும்."

"பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு திமிரு ஆகாது," என்றான்.

"இதவிட இருக்கு. எழுதுங்க."

எழுதினான். அவன் மற்றவர்களுக்கு எழுதுகிற அதே மாதிரி, பெயரும் ஊரும். 'நல்ல நோட்டைக் கெடுத்தவர்: மதுசூதனன், நோர்வூட்.'

அடுத்த சனிக்கிழமை அம்மாவை அந்த வழியாகவே கூட்டிவந்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை வாசித்தார். முதலாளி உள்ளே பருப்பு மூட்டையோடு குனிந்துகொண்டான். அம்மாவின் முகத்தில் சந்தோசம் வரும் என்று காத்திருந்தேன்.

"கடதாசியில எடம் இருக்குல்ல," என்றார். "நல்ல நோட்டுன்னு சொன்னப்ப கத்தினியே, ஒன் பேரையும் சேத்து எழுதச் சொல்லியிருக்கலாம்."

மாவை அடுத்த கடையில் வாங்கினார். பையை என்னிடம் தரவில்லை.