வாசலில் வைத்த கிண்டி

"ஊத்துங்க டீச்சரே, வண்டி குடிக்குதுல்ல. எட்டு மாசம் பட்டினி கெடந்த வண்டி" என்றான் ஹம்ஸா. காரின் பானெட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தான். வல்சலா மூன்றாவது பாட்டில் தண்ணீரை எஞ்சினின் வாய்க்குள் சரித்துக்கொண்டிருந்தாள். அது களக் களக்கென்று உள்ளே போனது.

ஹம்ஸாவின் சாயாக் கடை முன்பக்கம் சாத்தியிருந்தது. அன்று ஹர்த்தால். முந்தின நாள் சாயங்காலம் யாரோ யாரையோ அடித்ததற்கு இன்று மாவட்டம் முழுக்கக் கடை இல்லை, பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. சொந்த வண்டியில் போகிறவர்கள் காரணத்தை எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால், வழிமறிப்பவர்கள் மனசு வைத்து விடுவார்கள். காலையில் வல்சலாவின் கணவர் சுகுமாரன் தாளில் 'ம' என்று ஆரம்பித்ததுமே அவள் பேனாவைப் பிடுங்கிவிட்டாள். "உசிரோட இருக்கிற மனுஷனுக்கு என்ன எழுத்து இது?" என்று சொல்லி, வேறொரு தாளில் 'ஆஸ்பத்திரி' என்று தானே எழுதி ஒட்டினாள்.

உண்மையில் ஆஸ்பத்திரி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது அவளுடைய தகப்பனார், அச்சன் ராவுண்ணி நாயர், அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். அன்றே வல்சலா மங்களூரில் இருக்கும் தம்பி சசிதரனுக்குப் போன் செய்தாள். அவன் மூன்று நாள் யோசித்துவிட்டு வருகிறேன் என்றான். ஒன்பதே கால் ரயிலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு, அச்சனின் மூச்சு நிற்பதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு அன்று அது ஒன்றுதான் வேலை.

விடிகாலையில் அச்சன் கண் திறந்தார். "சசி வர்றானா?"

"ஒம்பது மணி வண்டிக்கு வர்றான், அச்சா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தவளை அந்தக் குரல் நிறுத்தியது. "வாசல்ல கிண்டி வெச்சியா?"

வெளியிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவிவிட்டு உள்ளே ஏற, படியில் மூக்கு நீண்ட வெண்கலக் கிண்டியில் தண்ணீர் வைப்பது அந்த வீட்டு வழக்கம். ஒன்பது வருஷத்துக்கு முன் சசி கிறிஸ்தவப் பெண்ணான ரோஸ்லினைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றான். அச்சன் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இறங்கி வந்தார், கிண்டித் தண்ணீரைச் செம்பருத்திக்குக் கொட்டினார், கிண்டியைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். சசி கவிழ்ந்த கிண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவளை அழைத்துக்கொண்டு திரும்பிப் போனவன்தான். கிண்டி அன்றிலிருந்து அறைக்குள் சாக்குக்கு அடியில் கிடந்தது.

இன்று காலை அதைச் சுகுமாரன் புளி போட்டுத் தேய்த்து, நீர் நிறைத்துப் படியில் வைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வல்சலா காரை எடுத்தாள். பதினான்கு கிலோமீட்டர் வந்து ஹம்ஸாவின் கடையை நெருங்கும்போது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு படம் எரிந்தது. வயிறு, கைப்பிடி, நீண்ட மூக்கு, மூக்கு நுனியில் ஒரு சொட்டு. அந்தக் காலையில் அவள் கண்ணுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்? வண்டி தண்ணீர் கேட்கிறது என்று நிறுத்தினாள். கடையின் பின்கதவைத் திறந்து வந்த ஹம்ஸாவும் குனிந்து பார்த்து, "சாட்சாத் கிண்டி" என்று தீர்ப்புச் சொன்னான். பானெட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு கறுப்பு மூடியின் மேல் அதே கிண்டிப் படம். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மூடியைத் திருகிவிட்டுச் சாவியைப் போட்டாள். வண்டி கிளம்பியதும் சிவப்பு அணைந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் காரை அச்சன் ஒருவரையும் தொடவிட்டதில்லை. எட்டு மாசத்துக்கு முன் அவர் படுக்கையில் விழுந்த பிறகு, நாற்பத்தாறு வயதில், சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டக் கற்றவள் அவள்.

சசி ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு பையோடு நின்றிருந்தான். தாடியில் பாதி நரைத்திருந்தது. அவள் கண்ணில் அது முதலில் பட்டு வலித்தது.

"ரோஸ்லின் வரலையாடா?"

"அவளையும் கூப்பிட்டாரா சேச்சி?"

அவள் வண்டியைத் திருப்பினாள்.

"மூச்சு எப்படி இருக்கு?"

"இருக்கு. நீ வர்றேன்னு தெரியும்."

"ஏதாவது சொன்னாரா?"

கிண்டி விஷயம் நாக்கு நுனி வரை வந்தது. அவள் விழுங்கிக்கொண்டாள். முற்றத்தில் இறங்கி அவனே பார்க்கட்டும். சொல்லிக் கேட்பது வேறு, அந்தப் படியில் அவன் கண்ணாலேயே காண்பது வேறு என்று நினைத்தாள்.

"நீயே வந்து பாரேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவனைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று, "உன் சேச்சிய என்னன்னு நெனச்சே? வழியில வண்டி மக்கர் பண்ணிச்சு. நானே சரி பண்ணினேன், தெரியுமா?" என்றாள்.

"நீயா? என்ன பண்ணே?"

"செவப்பா கிண்டி எரிஞ்சது. தண்ணி ஊத்தினேன். அணைஞ்சிடுச்சு."

சசி மங்களூரில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் மெக்கானிக். அவன் முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. "எங்க ஊத்தினே?"

"கிண்டி போட்ட மூடி இருக்கே, அதுல."

"நிறுத்து."

"ஏண்டா?"

"வண்டிய நிறுத்து சேச்சி. இப்பவே. எஞ்சினை அணை."

நல்லவேளையாக ஹம்ஸாவின் கடை கண்ணில் தெரியும் தூரம்தான். ஹம்ஸாவும் ஓடி வர, மூன்று பேருமாகக் கடை முற்றம் வரை தள்ளினார்கள். சசி எஞ்சினிலிருந்து நீளமான கம்பி ஒன்றை உருவிக் காட்டினான். அதில் ஒட்டியிருந்தது எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை. பால் சாயாவின் நிறத்தில் கொழகொழவென்று வழிந்தது.

"அது கிண்டி இல்ல. எண்ணெய்க் குப்பி. எண்ணெய் கொறைஞ்சு போச்சு, நிறுத்துன்னு வண்டி சொல்லியிருக்கு. நீ எண்ணெய் ஊத்துற வாயில தண்ணிய ஊத்தியிருக்கே."

"வெளக்கு அணைஞ்சுதே?"

"அளவு ஏறினதும் அதுவும் ஏமாந்துபோச்சு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தா எஞ்சின் கட்டிப்பிடிச்சு நின்னிருக்கும்."

ஹம்ஸா தலையைச் சொறிந்தான். "நானும் கிண்டின்னுதான் சொன்னேன் சசியேட்டா. டீச்சரை மட்டும் திட்டாதீங்க."

"நல்ல ஜோடி. டீச்சர் ஒண்ணு, சாயாக்கடை ஒண்ணு. அடுத்து துளசியும் போட்டிருப்பீங்க" என்றான் சசி. அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான். வல்சலாவுக்கு அவமானத்தில் காது சுட்டது.

கடைக்குப் பின்னால் ஹம்ஸாவின் மச்சானுக்கு ஒரு வொர்க்‌ஷாப் இருந்தது. ஹர்த்தால் என்று பூட்டிக்கிடந்தது. ஹம்ஸா போனில் கெஞ்சிச் சாவி இருக்கும் இடத்தைக் கேட்டுத் திறந்தான். ஸ்பானர், ஜாக்கி, இரண்டு டப்பா எண்ணெய், ஒரு பழைய பேசின் எல்லாம் வந்தன. சசி சட்டையைக் கழற்றிவிட்டுச் சாக்கை விரித்தான்.

அப்போதுதான் ஹம்ஸா சொன்னான். "சசியேட்டா, என் ஸ்கூட்டர் இருக்கு. ஊடுவழியா போனா யாரும் மறிக்க மாட்டாங்க. நீங்க போங்க. டீச்சரும் நானும் வண்டியப் பாத்துக்கிறோம்."

"போடா சசி. நீ முதல்ல போ" என்றாள் வல்சலா.

சசி ஸ்கூட்டரைப் பார்த்தான். ஸ்பானரைப் பார்த்தான். "தனியாவா? அந்த முற்றத்துல போய்த் தனியா நின்னு என்னன்னு சொல்லுவேன்? ஏறி வான்னு சொல்ல அங்க யார் இருக்கா? ஒரு மணி நேர வேலைதான் இது. சேர்ந்தே போகலாம்."

அவள் சொல்லியிருக்க வேண்டும். உனக்காகப் படியில் கிண்டி வைத்திருக்கிறது, அச்சனே கேட்டு வைக்கச் சொன்னார் என்று. ஆனால் அந்தச் சொல் இப்போதுதான் மூன்று பேருக்கும் நடுவில் கேலியாகிப் போயிருந்தது. கிண்டி என்று வாயைத் திறக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு மணி நேரம்தானே என்று அவளும் நினைத்தாள்.

சசி காருக்கு அடியில் நுழைந்தான். ஒரு போல்ட்டைத் திருகியதும் முதலில் தெளிந்த தண்ணீர் கொட்டியது. அவள் ஊற்றிய அதே தண்ணீர். அதன் பின்னால் அந்தச் சாயா நிறக் குழம்பு கட்டிக் கட்டியாக விழுந்தது. புது எண்ணெய் கொஞ்சம் விட்டு, ஒரு நிமிஷம் ஓட்டி, அதையும் வடிக்க வேண்டும், பிறகு ஒருமுறை, அதற்குப் பின்தான் முழு எண்ணெய் என்றான். அவன் அவசரம் ஸ்பானரில் கேட்டது. "பேசின் தள்ளு ஹம்ஸா. துணி குடு. சீக்கிரம். சேச்சி, மணி என்ன?"

"பத்தே கால்."

"பதினொண்ணுக்கு வீட்ல இருப்போம்."

இரண்டாவது தடவை வடிக்கத் தொடங்கியபோது அவன் பையில் போன் அடித்தது. வல்சலா எடுத்துப் பார்த்தாள். திரையில் 'அளியன்' என்று இருந்தது; சசிக்கு மச்சான், சுகுமாரன். அவளுடைய போன் காரிலேயே சார்ஜ் இறங்கிக் கிடந்தது. எடுத்துப் பேசக் கை வரவில்லை. குனிந்து சசியிடம் நீட்டினாள். காருக்கு அடியிலிருந்து ஒரு கறுத்த கை வந்து வாங்கிக்கொண்டது.

"ம்... ம்... எப்போ?... சரி அளியா."

அவ்வளவுதான். போன் வெளியே வரவில்லை. ஸ்பானர் சத்தமும் வரவில்லை. அவன் பாதங்கள் மட்டும் காருக்கு வெளியே, குதிகால் மண்ணில் பதிந்து, நிமிர்ந்து கிடந்தன.

"டைட் பண்ணிடலாமா சசியேட்டா? நேரமாகுதே" என்றான் ஹம்ஸா.

"வேண்டாம். முழுசா வடியட்டும். கடைசிச் சொட்டு வரைக்கும் வரட்டும். இனி அவசரம் இல்ல."

வல்சலா சாயாக் கடையின் மரப்பெஞ்சில் உட்கார்ந்தாள். பேசினில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஹம்ஸா அவள் முகத்தைப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

பிறகு அவன் பாதங்களைப் பார்த்துச் சொன்னாள். "சசி, அச்சன் காலைல கிண்டியக் கேட்டாருடா. உனக்கு. வாசல்ல வெச்சியான்னு கேட்டாரு. தேச்சு, தண்ணி நெறைச்சு, படியில வெச்சதப் பாத்துட்டுத்தான் நான் வண்டியெடுத்தேன்."

அவன் வலது காலின் பெருவிரல் மண்ணை ஒருமுறை கீறியது.

"அப்பவே சொல்லியிருக்கணும். நீயே பாக்கட்டும்னு வெச்சிருந்தேன். என்னாலதாண்டா..."

"சொல்லியிருந்தா ஸ்கூட்டர்ல போயிருப்பேன்" என்றது குரல். "நீ சொல்லாமலேயும் நான் போயிருக்கலாம்" என்றும் சொன்னது. பிறகு போல்ட்டை இறுக்கும் சத்தம் கேட்டது.

வேலை முடிந்ததும் சசி கண்ணாடியில் இருந்த தாளைப் பிய்த்தான். அதைத் திருப்பிப் பானெட் மேல் வைத்து, எண்ணெய் விரலாலேயே 'மரணம்' என்று எழுதி ஒட்டினான். வழியில் கொடிகளோடு நின்றவர்கள் அதைப் படித்துவிட்டு ஒதுங்கினார்கள். சிவப்பு விளக்கு எரியவில்லை. எஞ்சின் பழைய சத்தத்துக்கு வந்திருந்தது.

முற்றத்தில் பத்து நாற்காலி போட்டிருந்தது. உள்ளே, அச்சனை வாழையிலையில் கிடத்தி, தேங்காய் முறிகளில் திரி ஏற்றியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு பக்கவாட்டுப் படியால் ஏறியிருந்தார்கள். நடுப்படியில் கிண்டி தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் சுகுமாரன் நின்றிருந்தார்.

"யாரையும் தொட விடல" என்றார் வல்சலாவிடம். பிறகு சசியிடம், "பத்தரை மணிக்குக் கூட, வண்டிச் சத்தம் கேக்குதான்னு கேட்டாரு அளியா" என்றார்.

சசி முற்றத்தில் நின்றான். ஒன்பது வருஷத்துக்கு முன் நின்ற அதே இடம். செருப்பைக் கழற்றினான். கிண்டியை எடுக்கக் குனிந்தவன், தன் கைகளைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டான். முழங்கை வரை எண்ணெய்க் கறுப்பு. தேய்த்து மின்ன வைத்திருந்த கிண்டியில் அந்தக் கையை வைக்க அவனால் முடியவில்லை.

வல்சலா கிண்டியை எடுத்தாள். "காட்டு" என்றாள்.

முதலில் பாதங்களில் ஊற்றினாள். மண் கரைந்து ஓடியது. பிறகு அவன் நீட்டிய கைகளில் ஊற்றினாள். கறுப்பு போகவில்லை. தண்ணீர் எண்ணெயின் மேல் முத்து முத்தாக உருண்டு விழுந்தது.

"இதெல்லாம் தண்ணிக்குப் போகாது சேச்சி. சோப்பு வேணும்."

"காட்டுடா."

உள்ளேயிருந்து யாரோ, நேரமாகிறது, மகன் வந்தாயிற்றா என்று கேட்டார்கள். வந்தாயிற்று என்று சுகுமாரன் சொன்னார். அவள் கிண்டியைச் சரித்துக்கொண்டே இருந்தாள். மூக்கிலிருந்து வந்த நீர் மெலிந்து, சொட்டாகி, நின்றது. சசி கையைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே படியேறி உள்ளே போனான்.

பக்கத்து வீட்டு அம்மாள் வந்து வெறும் கிண்டியை வாங்கிக் கவிழ்த்து வைக்கக் கை நீட்டினாள். வல்சலா கொடுக்கவில்லை. படியில் அது இருந்த இடத்திலேயே, நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.