சொந்தப் பக்கத்து விளம்பரம்

...தொடக்கூடாது, அவ்வளவுதான், தன் பக்கத்தில் வருகிற விளம்பரத்தைத் தானே தொடக்கூடாது, தெரிந்தவர்களைத் தொடச் சொல்லவும் கூடாது, நாச்சிமுத்து எத்தனை தடவை சொல்லியிருக்கிறான், தேவகுமாரி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கைதான் மடியில் இருந்தது, விரல் இன்னும் அந்த நீல எழுத்தின் மேலேயே கிடப்பது போல இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிரிந்த உறவுகள், பெயர் கொடுத்துத் தேடுங்கள்... ஆங்கிலத்தில் இரண்டே வரி. போன வாரம் ஒருதரம் வந்தது, பக்கத்தைத் திரும்பத் திறந்தபோது அந்த இடத்தில் ஸ்வெட்டர் விளம்பரம் நின்றது. இன்றைக்கு மறுபடி வந்திருக்கிறது. மூடினால் போய்விடும், தொட்டால் தப்பு, எனவே பார்த்துக்கொண்டே இரு, வேறென்ன செய்ய? யாரோ பிரவுசிங் சென்டரின் கதவைத் திறந்தார்கள், வெளியே ஏழு ரோடு சந்திப்பில் இறங்கிக்கொண்டிருந்த மேகத்தில் கொஞ்சம் உள்ளே வந்து, கம்ப்யூட்டர்களுக்கு நடுவே நின்று, யாருக்கும் தெரியாமல் கரைந்தது.

வடகவுஞ்சி வீட்டு மாடியில் கட்டிய இரண்டு அறைகளுக்கு டூரிஸ்ட் வரட்டும் என்றுதான் இந்த வெப்சைட்டை ஆரம்பித்தாள், இங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாச்சிமுத்துதான் போட்டுக் கொடுத்தான். போன வருஷம் குறிஞ்சி பூத்தபோது எங்கிருந்தெல்லாமோ வந்து படித்தார்கள். விளம்பரத்தையும் அவன்தான் வாங்கிப் போட்டான், படிக்க வருகிறவர்கள் தொட்டால் தொட்டதற்குக் காசு, போடும்போதே விதிகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினான், அவன் பட்ட பாடு அப்படி, கன்னிவாடியில் இருக்கும் அவன் மச்சான், பாசக்காரர், தினமும் வெள்ளனே எழுந்து மாப்பிள்ளையின் விளம்பரத்தையெல்லாம் அமுக்கி வைப்பாராம், ஒருநாள் அவன் கணக்கையே மூடிவிட்டார்கள். "பாசத்துல செஞ்சார்னு எவன்ட்டக்கா போய்ச் சொல்றது?" என்றான். அதிலிருந்து அவளுக்குப் பயம். ராஜ்மோகன் ஜீப் ஓட்டிவிட்டு வந்து ஒருநாள், "நான் வேணா அமுத்தி விடட்டுமா, குமாரி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார், புருஷன் என்றும் பார்க்காமல் எவ்வளவு கத்திவிட்டாள்... சாப்பிடாமல் படுத்துவிட்டார் பாவம்.

அந்தப் பக்கத்தை எழுதியிருக்கவே வேண்டாம். குறிஞ்சி, சோலை, பேரிக்காய் என்று எழுதிக்கொண்டிருந்தவள் போன மாதம் ஏதோ ஒரு மத்தியானம், இதே மாதிரி மேகம் இறங்கிய மத்தியானம், தான் பிறந்த லயத்தைப் பற்றி, தோட்டக் கூலிகளின் அந்த வரிசை வீட்டைப் பற்றி எழுதினாள், அட்டன் பக்கத்துத் தோட்டம், தகரக் கூரை, கோச்சி என்கிற ரயிலேறி தலைமன்னாருக்கு வந்து கப்பல் பிடித்தது, அக்கா அமிர்தவல்லி மட்டும் அங்கேயே நின்றுகொண்டது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குத் தோதான விளம்பரம் தானாக வரும், மெஷின்தான் பொறுக்கிப் போடுகிறது என்று நாச்சிமுத்து சொல்வான். மெஷின்தானா? அக்கா என்று எழுதியதும் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டு போய், கடலைத் தாண்டி, இரண்டு வரியோடு திரும்பி வந்த மாதிரி அல்லவா இருக்கிறது... தோட்டத்தில் ஒருவனைக் கட்டிக்கொண்டு அக்கா தங்கிவிட்டாள், அம்மா சாகிறவரை அவள் பேச்சை எடுக்கவில்லை, எண்பத்து மூணில் கலவரம் என்று ரேடியோவில் சொன்னபோது மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"என்னக்கா, அசையாம உக்காந்துருக்கீங்க. பஸ்சுக்கு நேரமாகலையா?" நாச்சிமுத்து பின்னால் வந்து நின்றிருந்தான். அவள் திரையைக் காட்டினாள். "இது எனக்கு வேணும் தம்பி. ஆனா தொடக்கூடாதே." அவன் குனிந்து படித்தான், அவள் எழுதியதையும் சேர்த்தே படித்தான். பிறகு மெதுவாக, "இதை எதுக்குக்கா தொடணும்? அடியில பச்சை எழுத்துல அட்ரஸ் கெடக்கு பாருங்க. வேற ஜன்னலத் தெறந்து அதை அப்பிடியே அடிச்சு நேராப் போங்க. அதுல தப்பில்ல," என்றான். திரையில் புது ஜன்னலை அவனே திறந்து வைத்தான். "பாருங்க. பஸ் போனா அடுத்த பஸ்சு," என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனான்.

அவள் அடித்தாள். ஒரு தடவைகூடப் பச்சை எழுத்தைத் திரும்பிப் பார்க்காமல் அடித்தாள், அடித்து முடித்த பிறகுதான் உறைத்தது, எப்படி மனப்பாடமாக இருக்கிறது? போன வாரமே வாசித்திருக்கிறாள், ராத்திரி பாத்திரம் கழுவும்போது வாயில் ஓடியிருக்கிறது, வழி தெரியாமலா இருந்தது? விதி, விதி என்று அதன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது யாருக்காக... பெயரைப் போட்டால் ஒருத்தியும் இல்லை என்று வந்துவிட்டால்? இருக்கிறாள் என்று வந்தால் மட்டும்? இத்தனை வருஷம் ஏன் தேடவில்லை என்று கேட்டால்? இப்போது தடுக்க ஒரு விதியும் இல்லை, விரல்தான் இருந்தது, குளிரில் மரத்துப்போன விரல். அழுத்தினாள்.

இங்கே எல்லாமே மெதுவாகத்தான் வரும். முதலில் வெள்ளை, அப்புறம் மேலேயிருந்து ஒரு படம், பட்டை பட்டையாக, கொஞ்சம் வானம், தேயிலைச் சரிவின் விளிம்பு, ஒரு தகரக் கூரை, அதற்குக் கீழே வரிசையாகப் பெண்களின் தலைகள் இறங்க ஆரம்பித்தன, முடியும் வகிடும் மட்டும், முகம் இன்னும் வரவில்லை. அவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சிலது நேர் வகிடு, சிலது கோணல். அக்கா எப்படி வகிடு எடுப்பாள்... எப்படி எடுப்பாள்? எத்தனை நாள் அக்காவின் மடியில் படுத்து அண்ணாந்து பார்த்திருக்கிறாள், கண்ணை மூடினால் மடியின் சூடு வருகிறது, புகை வாசனை வருகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் நிற்கிறது. படம் இன்னும் ஒரு பட்டை கீழே இறங்கியது, நெற்றிகள் தெரிந்தன.