மருந்துப் புண்

தீபாவளிக்குப் பிந்தைய மழை வெறித்த காலையில் கால்நடை மருத்துவர் பிரீத்தி அச்சங்குளம் வந்து சேர்வதற்குள் சண்முகத்தாயின் ஆடு செத்திருந்தது. முந்தைய மாலைவரை நன்றாக மேய்ந்த ஆடு. மூக்கிலிருந்து கசிந்த இரத்தம் உறையாமல் கறுத்துக் கிடந்தது. சண்முகத்தாயின் கொழுந்தன் ஊர்க்காவலன் கத்தியோடு அதனருகே குந்தியிருந்தான். கறிக்கூறு வாங்கப் பெண்கள் சிலர் பாத்திரங்களுடன் நின்றார்கள்.

“அறுக்காதீங்கண்ணே. அடைப்பான் நோயா இருக்கலாம்.”

“அடைப்பான் மாட்டுக்குல்ல வரும்? நீங்க ஊசி போட வந்தீக, அதுக்குள்ள உசுரு போயிருச்சு. இனி இது எங்க சோலி, டாக்டரம்மா.”

“ஆட்டுக்கும் வரும், அறுக்கிற ஆளுக்கும் வரும். ரத்தத்தைச் சோதிச்சாத்தான் உறுதியாத் தெரியும். அதுவரைக்கும் தொடாதீங்க.”

“போன வாரமும் ஒண்ணு இப்படித்தான் விழுந்துச்சு. மதினிதான் தோலை உரிச்சாக. தெருவே தின்னுச்சு. யாரு செத்தா?”

பிரீத்தி சண்முகத்தாயைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து நின்றவளின் முன்கையில் ஒரு புண். நடுவே கரிபோலக் கறுத்து, சுற்றிலும் வீங்கியிருந்தது.

“கையில என்னக்கா?”

“மருந்து பட்டதும்மா.”

அவ்வட்டாரத்து வெடிக் கம்பெனிகளில் வெடிக்குள் கெட்டிக்கும் கலவைக்கும் மருந்து என்றுதான் பெயர். கையில் வருகிற எந்தப் புண்ணும் மருந்துப் புண்ணாகிவிடும். அதற்குமேல் எவரும் கேட்பதில்லை. வைத்தியம் பார்த்தவரும் கேட்காமல் தீப்புண் களிம்பு கொடுத்திருந்தார். பிரீத்தியும் தலையசைத்துவிட்டு ஆட்டின் பக்கம் திரும்பினாள்.

“சட்டுனு கூறு போடுலே,” என்றாள் பக்கத்து வீட்டுக் குருவம்மாள். “தீவாளியோட கம்பெனியப் பூட்டிட்டான். கறி வாசம் கண்டு எம்புட்டு நாளாச்சு!”

“போன வாரம் தின்னது அதுக்குள்ள செமிச்சிருச்சாக்கும்?” என்றாள் மற்றொருத்தி. பெண்கள் சிரித்தார்கள்.

பிரீத்தி சிரிக்கவில்லை. பூட்டிய கம்பெனியின் மருந்து கையில் எப்படிப் படும்?

“அக்கா, இந்தப் புண்ணு எப்ப வந்தது?”

“கம்பெனி பூட்டின பெறகுதான்…” சண்முகத்தாய் பாதியில் நிறுத்தினாள்.

“வலிக்குதா?”

“இல்லம்மா. அதான் விட்டுட்டேன்.”

மருந்து பட்டு வெந்தவர்களின் அலறலை அறியாத வீடு அந்தத் தெருவில் இல்லை. சிரிப்பு அடங்கியது.

பிரீத்தி கையுறையோடு அவள் நெற்றியைத் தொட்டாள்; கொதித்தது. உடனே விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் பேசினாள். “சார், ஒரு நோயாளியை அனுப்புறேன். தீக்காயம் இல்ல, அடைப்பான், ஆந்த்ராக்ஸ் சந்தேகம். புண்ணை மட்டும் பாக்காதீங்க. செத்த ஆட்டையும் சேர்த்து யோசிங்க.” பிறகு பெண்களிடம் சொன்னாள்: “போன வாரக் கறியத் தொட்டவங்க, தின்னவங்க எல்லாரும் இன்னைக்கே டாக்டரப் பாக்கணும்.”

ஊர்க்காவலன் முகம் சுண்டி எழுந்தான். “சரி, அறுக்கல. ஓடையில தள்ளிருதேன். போன ஆட்டுக் குடலையும் அங்கனதான் போட்டோம்.”

“இந்த ஆடு எங்க மேஞ்சது?”

அவன் கண் ஓடைப் பக்கம் போனது. ஓடைக்கரைப் புல் மழையில் தழைத்திருந்தது அவனுக்கும் தெரியும்.

“ஓடைய விட்டுத் தள்ளி, மேட்டுல ஆழமாக் குழி வெட்டணும். சுண்ணாம்பு கொட்டி மூடணும். அக்கா, நீங்க என் ஜீப்ல ஏறுங்க.”

சண்முகத்தாய் அசையவில்லை. “நான் போனா இவன் மனசு மாறி அறுத்துருவான். குழியப் பாத்துட்டுத்தான் ஏறுவேன்.”

“அக்கா, வீக்கம் தோளுக்கு ஏறுது. தாமதிச்சா உயிருக்கே ஆபத்து.”

“இந்தக் கறி இன்னும் எத்தன வீட்டுக்குப் போகும்மா?”

குருவம்மாள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “ஏலே, மரமாட்டம் நிக்கே! அவ உசுரோட விளையாடாம மம்பட்டிய எடு.”

கத்தியை எறிந்துவிட்டு ஊர்க்காவலன் மேட்டுக்கு ஓடினான். ஈரமண் மம்பட்டியில் அப்பிக்கொண்டது. குழி முழங்கால் ஆழம்கூட இறங்கவில்லை. சண்முகத்தாய் நிற்கமுடியாமல் தரையில் சரிந்தாள்.

“மதினி, ஏறுங்க!” குழிக்குள்ளிருந்து கத்தினான் அவன். “ஆளுயரம் வெட்டாம நான் வெளிய வரமாட்டேன். என் பிள்ளைக மேல சத்தியம்!”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு குருவம்மாளின் தோளைப் பற்றி எழுந்து ஜீப்பில் ஏறினாள். வண்டி திரும்பும்போதும் குழியிலிருந்து மண் மேலேறி விழுந்துகொண்டிருந்தது.