எட்டாம் நம்பர் அடித்த கோல்

காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஈவ்னிங் ஸ்டார் கிளப்பில், வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டம் நடக்கும். அந்த வருடம் இறந்துபோன ஆட்டக்காரர்கள், பிரபலங்கள் எல்லோரையும் ஒரே காலையில் நினைத்துப் பேசி முடித்துவிடுவார்கள். டில்லியிலும் பம்பாயிலும் இறந்தவர்களைப் பற்றிப் பேப்பர்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும், நம் ஆட்களைப் பற்றி நாம்தான் பேச வேண்டும் என்பார் கிளப் செயலாளர் ரெமிஜியஸ். மேசை மேல் போட்டோ, போட்டோவுக்கு மாலை, ஒருவருக்கு ஐந்து நிமிடம், கடைசியில் பஃப்ஸும் டீயும்.

1998-ல் மூன்று போட்டோக்கள். முதலாவது கோல்கீப்பர் பச்சைமுத்து. இரண்டாவது, தொம்மலூரிலிருந்து மெட்ராஸுக்குப் போய் முப்பது வருடம் சினிமாவில் குதிரையிலிருந்து விழுந்த ஸ்டன்ட் நடிகர் தனக்கோடி. மூன்றாவது, மைக் நாராயணசாமி.

கண்டோன்மென்ட் பக்கம் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஃபுட்பாலோ ஹாக்கியோ, எந்த மைதானத்தில் ஆட்டம் நடந்தாலும் மைக்கில் வர்ணனை அவர்தான். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் சொல்வார். “பாருங்க பாருங்க, நோடி நோடி, லுக் லுக்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பந்து அந்தக் கோடிக்குப் போயிருக்கும். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே மைதானத்துக்கு வந்தவர்கள் உண்டு. செப்டம்பரில் அவர் இறந்தபோது அல்சூரில் கடைகளை அரை நாள் மூடினார்கள்.

அவரைப் பற்றிப் பேச ஜோசஃபினைக் கூப்பிடலாம் என்று தோன்றியது ரெமிஜியஸுக்குத்தான். ஜோசஃபினுக்கு நாற்பத்தெட்டு வயது. பக்கத்துப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஒரு காலத்தில் ஹாக்கி ஆடியவர்.

“லேடீஸ் சைடுல ஒருத்தராவது பேசணும்க்கா. மைக் அண்ணனோட வீட்டம்மா மங்களம் மேடம் வர்றாங்க. நீங்க பேசினா நல்லாருக்கும்.”

“என்ன வேணா பேசலாமா?”

“உங்க இஷ்டம்க்கா. மனசுல இருக்கறதைப் பேசுங்க.”

ஜோசஃபின் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது இருபத்தொன்பது வருடமாக இருந்தது.

1969-ல் பெண்கள் ஹாக்கி ஃபைனல். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது வலது ஓரத்திலிருந்து ஏழாம் நம்பர் அன்னம்மாள் பந்தைத் தள்ளிவிட்டாள். எட்டாம் நம்பர் சட்டை போட்டிருந்த ஜோசஃபின் ஓடிவந்த வேகத்திலேயே அதை அடித்தாள். பந்து கோல் பலகையில் பட்ட சத்தம் கேட்டது. அடுத்த நொடி கால் இடறிச் செம்மண்ணில் குப்புற விழுந்தாள். வாயில் மண், மூக்கில் மண். தலையைத் தூக்கிப் பார்த்தபோது, புழுதியில் யார் மட்டை பட்டது என்று தெரியாத தோழிகள் எல்லோரும் அன்னம்மாளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் நாராயணசாமி முழங்கினார்: “கோல்! அன்னம்மாள்! கோல் ஹொடெதவரு அன்னம்மாள்! கோல் பை அன்னம்மாள்!”

ஒரு மொழியில் தவறாகச் சொல்லியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். மூன்று மொழியிலும் சொன்னார். பேப்பர்காரர்கள் அதைக் கேட்டுத்தான் எழுதினார்கள். மறுநாள் அன்னம்மாள் படத்தோடு செய்தி வந்தது.

ஜோசஃபினின் அப்பாவுக்கு மகள் அரைப்பாவாடை கட்டிக்கொண்டு மைதானத்தில் ஓடுவதே பிடிக்காது. அவர் ஆட்டம் பார்க்க வந்ததில்லை. காலையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தவரிடம், “கோல் நான்தான்ப்பா அடிச்சேன்” என்றாள். அவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல அப்படிப் போடலையேம்மா” என்றார். அவ்வளவுதான். அப்பா 1980-ல் இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை யாரிடமும் சொல்ல ஜோசஃபினுக்குப் பிடிக்கவில்லை. அன்னம்மாள் கல்யாணமாகித் தொம்மலூர் போய்விட்டாள். பஸ்ஸில் எப்போதாவது பார்த்தால் இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள்.

ஜோசஃபின் நான்கு பக்கம் எழுதினாள். இரண்டு முறை கிழித்துவிட்டு மூன்றாவது முறை நல்ல கையெழுத்தில் எழுதினாள். முதல் வரி இப்படி இருந்தது: “இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஆனால் தவறைத் திருத்தலாம்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினோரு மணிக்கு அவள் ஹாலுக்குள் நுழைந்தபோது நூறு பேர் இருந்தார்கள். ரெமிஜியஸ் அவள் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தார். முதல் வரியைப் படித்ததும் அவர் முகம் மாறியது.

“அக்கா, மங்களம் மேடம் முன் வரிசையில உக்காந்திருக்காங்க.”

“இருக்கட்டும். மனசுல இருக்கறதைப் பேசச் சொன்னது நீதானே?”

“சொன்னேன்க்கா. புத்தி இல்லாம சொல்லிட்டேன்.”

மூன்றாவது வரிசையில் அன்னம்மாள் இருந்தாள். நன்றாகப் பருத்திருந்தாள், தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. ஜோசஃபினைப் பார்த்ததும் பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

கூட்டம் பச்சைமுத்துவில் தொடங்கியது. அவர் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஆடியதையும், ஒருநாள் எதிர் அணிக்காரன் அதைப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டதால் நான்கு கோல் விட்டதையும் அவருடைய தம்பி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். தனக்கோடியைப் பற்றிப் பேசியவர், அவர் நடித்த எழுபது படங்களில் ஒன்றில்கூட முகம் தெரியாது என்றார். எல்லாவற்றிலும் ஹீரோவுக்குப் பதிலாக முதுகைக் காட்டிக்கொண்டு விழுந்தவர். அதனால்தான் மாலை போட நல்ல போட்டோ கிடைக்காமல் ரேஷன் கார்டு படத்தைப் பெரிதாக்கியிருக்கிறோம், அவர் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கும் சிரிப்பு. சிரித்துக்கொண்டே சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்து ஜோசஃபின்.

மைக் முன்னால் நின்று காகிதத்தைப் பிரித்தாள். நேர் எதிரே மங்களம் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, வெளிர் மஞ்சள் புடவை, தடித்த கண்ணாடி. முந்தின கதைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. கணவரைப் பற்றி என்ன சொல்லப் போகிறார்கள் என்று ஆசையாக முகத்தை நீட்டிப் பார்த்தார். ஜோசஃபினுக்கு அந்த முதல் வரியைப் படிக்க மனம் வரவில்லை. காகிதத்தை மடித்தாள்.

“மைக் நாராயணசாமி சாருக்கு நல்ல குரல்” என்றாள். காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தாள். “ரொம்ப நல்ல குரல்” என்றாள்.

மங்களம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஏம்மா, நீ அந்த எட்டாம் நம்பர் பொண்ணுதானே? மண்ணுல விழுந்தியே, அந்தப் பொண்ணு?”

ஜோசஃபின் திகைத்துப் போய்த் தலையாட்டினாள்.

“அப்போ அந்தக் கோலைப் பத்திச் சொல்லேன். அதை விட்டுட்டுக் குரலு குரலுங்கறே.”

“உங்களுக்கு அது தெரியுமாம்மா?”

“எனக்குத் தெரியாதா? தப்பு பண்ணதே நான்தானே!” மங்களம் எழுந்து நின்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “இனிமே சொன்னா என்ன, அவர் கோவிச்சுக்கவா போறார்? எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. பக்கத்துல இருக்கறது தெரியும், எதிர் கோல் போஸ்ட் தெரியாது. கண்ணாடி போட்டா மைக் வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னு பயம். நான் பக்கத்துல உக்காந்து நம்பர் பார்த்துச் சொல்வேன், அவர் பேர் சொல்வார். இருபது வருஷம் அப்படித்தான் ஓடுச்சு.”

பின் வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: “அதான் எழுபத்திரண்டுல ரெஃப்ரீ கோல் அடிச்சார்னு சொன்னாரா?”

ஹால் அதிர்ந்தது. ஆளாளுக்கு எழுந்து தங்கள் பேர் எப்போது யார் பேராக மாறியது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மங்களமும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஜோசஃபினைப் பார்த்தார்.

“அன்னிக்கு என் செருப்பு வாரு அறுந்துபோச்சும்மா. குனிஞ்சு முடிச்சுப் போட்டுட்டிருந்தேன். கோல்னு சத்தம் கேட்டு நிமிர்ந்தா எல்லாரும் ஒருத்தியைத் தூக்கிட்டிருந்தாங்க. அவதான்னு நினைச்சு ஏழுன்னு சொல்லிட்டேன். நீ மண்ணுலேர்ந்து எழுந்து நின்னப்பதான் சந்தேகம் வந்துச்சு.”

“நான் கத்தினேனேம்மா!” என்று மூன்றாவது வரிசையிலிருந்து அன்னம்மாள் எழுந்தாள். “இறக்கி விடுங்கடி, நான் இல்லடின்னு கத்தினேன். எவ கேட்டா? அப்புறம்…” அவள் ஜோசஃபினைப் பார்த்தாள். “மறுநாள் சொல்லியிருக்கலாம். தெருவுல மாலை போட்டுட்டாங்க. அதுக்கு மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன், மாமியார் வீட்ல பொண்ணு பார்க்க வந்து கோல் அடிச்ச பொண்ணா இதுன்னு கேட்டாங்க. பத்து நாள் போனதும் எனக்கே நான்தான் அடிச்சேன்னு ஆயிடுச்சுடி ஜோசி.”

“இருபத்தொன்பது வருஷம்டி!”

“தெரியும்டி. ஒவ்வொரு தடவை உன்னை பஸ்ல பார்க்கும்போதும் தெரியும்.”

“இரு இரு” என்று மங்களம் கையை உயர்த்தினார். “அவர் சும்மா விட்டுடலை. ரெஃப்ரீகிட்ட விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு, அடுத்த வாரமே என்னையும் கூட்டிட்டு உன் வீட்டுக்கு வந்தார். நீ இல்லை. உங்கப்பா கேட்லயே நிக்க வெச்சு என்ன விஷயம்னார். கோல் அடிச்சது உங்க பொண்ணு, நான் தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்கன்னார் இவர்.”

ஜோசஃபின் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா என்ன சொன்னார்?”

“முதல்ல தெருவுல யாராவது வர்றாங்களான்னு ரெண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் மெதுவா, எப்படி அடிச்சான்னு கேட்டார். இவர் கேட்டுக்கு வெளியிலயே நின்னு, சத்தம் இல்லாம, முழுசா வர்ணனை பண்ணார். பேரை மாத்தி, உன் பேரை வெச்சு. உங்கப்பா முடிஞ்சதும் என்ன சொன்னார் தெரியுமா? இன்னொரு தடவை சொல்லுங்கன்னார்.”

“சொன்னாரா?”

“ரெண்டாவது தடவை கன்னடத்துல சொன்னார். கடைசியில உங்கப்பா, நீங்க வந்து சொன்னது அவளுக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா படிப்பை விட்டுட்டு கிரவுண்டே கதின்னு கிடப்பான்னு கேட்டுக்கிட்டார். இவரும் சரின்னுட்டார். எனக்கு அது பிடிக்கவே இல்லை.”

ஜோசஃபினுக்கு அழுகைதான் முதலில் வந்தது. அதோடு கோபமும் வந்தது. எத்தனை ராத்திரி சாப்பாட்டு மேசையில் அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறார்! ஒருநாள் வாய் திறந்திருக்கலாம். திட்டலாம் என்றால் திட்டு வாங்க வேண்டிய இரண்டு பேருமே போய்விட்டார்கள். வெள்ளை முழுக்கைச் சட்டையில் அப்பா கேட்டில் நின்று, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எப்படி அடித்தாள் என்று ரகசியமாகக் கேட்பதை நினைத்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மைக்குக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். ஒலிபெருக்கி அதைத் தெருவரைக்கும் கொண்டுபோனது.

“அக்கா, உங்க அஞ்சு நிமிஷம் முடிஞ்சிடுச்சு” என்றார் ரெமிஜியஸ். “ஆனா யாரும் போற மாதிரி தெரியலை.”

“ஒரு ஸ்டிக் எடுத்துட்டு வா” என்றாள் ஜோசஃபின்.

கிளப் அறையிலிருந்து ஹாக்கி மட்டையும் பந்தும் வந்தன. நாற்காலிகளை ஒதுக்கினார்கள். அன்னம்மாள் மேடையேறி மைக்கைப் பிடித்தாள். பிறகு தானே பந்தைத் தள்ளிவிட வேண்டும் என்பது ஞாபகம் வந்து, ஒரு கையில் மைக்கோடு இறங்கி வந்து காலால் உருட்டிவிட்டாள். “பாருங்க பாருங்க, நோடி நோடி! ஜோசஃபின் வர்றா!” ஜோசஃபின் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நான்கு அடி ஓடி அடித்தாள். வாசல் கதவுக்கு வெளியே அடிப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. பந்து படியில் மோதி எகிறி ரோட்டுக்குப் போனது. ஸ்கூட்டரில் வந்தவர் பிரேக் போட்டு நின்று, பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, “யாருங்க இது அடிச்சது?” என்று கேட்டார்.

நூறு பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். என்ன விஷயம் என்று புரியாமலே அவர் பஃப்ஸ் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மதியம் மங்களம் இரண்டு பேரையும் விடவில்லை. மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்து அல்சூருக்குப் போனார்கள். வீட்டில் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. சாப்பிட்டு முடித்து ஜோசஃபின் நாராயணசாமியின் பழைய மேட்ச் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அன்னம்மாள் கேட்டாள்:

“உன் ஸ்கூல் பொண்ணுங்க எப்போடி ஆடறாங்க?”

“ஸ்கூல் திறந்ததும் முதல் சனிக்கிழமை. ஏன்?”

“சும்மா வந்து பார்க்கலாம்னு.”

“நானும் வர்றேன்” என்றார் மங்களம் அடுப்படியிலிருந்து.

ஜனவரியில் அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். ஜோசஃபினின் பெண்கள் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அன்னம்மாள் கத்திய கத்தலில் திங்கட்கிழமை வரை அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.