உச்சந்தலைக்கு நேர் மேலே

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது என் சொந்தக் கதை இல்லை. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் சொன்னது. வானிலை அலுவலகத்தில் வேலையாம். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தும் பேச்சு ஓயவில்லை. பாதியில் அவள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதிக்கு நான் எங்கே போவேன்?

2

கோடை இடி சொல்லாமல் கொள்ளாமல்...

(வேண்டாம். சொல்வதற்குத்தானே அவளுக்குச் சம்பளம்.)

மறுபடியும்: மத்தியானம் மூன்று மணி. ஜன்னல் இல்லாத அறை. ராடார் திரையில் சிவப்பாக வந்த இடிமேகம், ஊரை நெருங்க நெருங்கச் சுருங்கியது. 'வலுவிழக்கிறது' என்று அறிக்கை அனுப்பினாள். ஊரின் மறுகோடியில், கட்டட வேலையில், கிரேன் உச்சிக் கூண்டில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கும் போன் போட்டாள்.

"கரைஞ்சிடுச்சுண்ணா. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு."

இது இருக்கட்டும்.

3

அவள் புதியவள் என்று எழுதினால் என் வேலை சுலபம். ஆனால் பதினோரு வருடமாக அதே நாற்காலி. அலுவலகக் கூரைமேல் இருக்கும் ராடார் நாலா பக்கமும் பார்க்கும், தன் உச்சந்தலைக்கு நேர் மேலே மட்டும் பார்க்காது.* இது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய பக்கத்து ஊர் ராடாரும் அன்றைக்கென்று பழுது. மேகம் கரையவில்லை, அலுவலகத்துக்கு மேலேயே வந்து நின்றுவிட்டது. தெரிந்தவள் எப்படி மறந்தாள்? அவளும் அதைத்தான் என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்!

*நானும் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவன்தான்.

4

கூரைமேல் முதல் இடி விழுந்தது. உடனே அண்ணனிடமிருந்து போன்.

"குட்டி, காத்துல கூண்டு ஆடுது. இறங்கட்டுமா?"

ஏணியில் இறங்கக் கால் மணி நேரம். நடுவில் மின்னல் வந்தால் இரும்பைப் பிடித்தபடி தொங்கவேண்டும். உள்ளேயே இருந்தால் மின்னலுக்குத் தப்பலாம். காற்றுக்கு? திரையைப் பார்த்தாள். நடுவில் ஒன்றுமில்லாத ஒரு வட்டம்.

"எனக்கு ஒண்ணும் தெரியலண்ணா. உனக்கு என்ன தெரியுது?"

"உன் ஆபீஸ் மேலதான் கருகருன்னு நிக்குது. நீ வெளிய வந்துடாத."

அவர் அவளைப் பற்றிக் கவலைப்பட்டார்! (இங்கே 'அழுதாள்' என்று எழுதி அடித்துவிட்டேன். அழுதாளா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.)

"மின்னினதும் எண்ணுண்ணா, எனக்குக் கேக்கிற மாதிரி. முப்பது வரைக்கும் இடி வரலன்னா மின்னல் தூரத்துல இருக்கு, இறங்கு. முன்னாடியே வந்தா, கதவைச் சாத்திட்டு எதையும் தொடாம உள்ளயே இரு."

"மின்னிடுச்சு. ஒண்ணு... ரெண்டு..."

5

முடிவு (அ): அண்ணன் பத்திரமாக இறங்கினார், இருவரும் சிரித்தார்கள். ஆனால் அவள் என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லவில்லையே? கன்னம் வீங்கியவள் எப்படிச் சிரிப்பாள் என்றும் தோன்றுகிறது. ஒரே குழப்பம்.

முடிவு (ஆ): ஏணியின் நடுவில் அவர்...

(என்னால் ஆகாது.)

அண்ணன் பத்தொன்பது வரை எண்ணினாராம். அப்போதுதான் "டோக்கன் பதினாலு" என்றார்கள், அவள் எழுந்து உள்ளே போனாள். அவள் திரும்பும்வரை நான் காத்திருந்திருக்கலாம். பல்லைக்கூடக் காட்டாமல் வெளியே ஓடிவந்துவிட்டேன். பயம், வேறென்ன.

அதனால் அவர் இன்னும் அந்தக் கூண்டில்தான் இருக்கிறார், போனைக் காதில் வைத்தபடி. இருபதிலிருந்து நீங்கள் எண்ணுங்கள். நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.