தலையில் ஏறிய மாப்பிள்ளை

நுஸ்கி கலியாணம் முடிச்சு பஸ்மியாட வீட்டுக்கு வந்து ரெண்டாம் மாசம்தான் அந்தச் சொல் அவன்ட காதில விழுந்தது. எங்கட பக்கத்தில மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போறவன்! துறைமுகத்தில கிரேன் ஓட்டுற பெரிய ஆளெண்டாலும் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் ஆகவேணும். அங்க பின் விறாந்தையில மாமி நஜ்முன் நிஸா மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தா. "இந்தா, ஒரு கொழுத்த மாப்பிள்ளை!" எண்டு நகத்தில வைச்சு டப்பெண்டு குத்தினா.

அந்த வீட்டில பேனுக்குப் பேர் மாப்பிள்ளை. வேற சொல் ஒருத்தற்ற வாயிலயும் வராது.

நுஸ்கிக்கு நெஞ்சு எரிஞ்சுது. வாற வெள்ளிக்கிழமை கிண்ணியாவில இருந்து அவன்ட உம்மா முதன்முதலா விருந்துக்கு வாறா. "என்னை இங்க ராசா மாதிரி வைச்சிருக்காங்க" எண்டு போனில அளந்து விட்டிருக்கிறான் மனுசன். மாப்பிள்ளையைக் குத்துற சத்தம் அவட காதில விழுந்தா? மகனையும் சூட்கேசையும் அண்டைக்கே வேனில ஏத்திப்போடுவா.

மாமியோட நேர கதைக்கிற வழக்கம் இல்லை. குசினி வாசல்ல நிண்டு பெண்சாதியிட்டக் கேட்டான்: "ஏனாம் அப்பிடிச் சொல்லுறாங்க? கேட்டுச் சொல்லு."

மாமி ஒரு முழம் தள்ளித்தான் இருந்தா. அவவும் மகளைப் பார்த்துத்தான் பதில் சொன்னா: "சொல்லு மகள். எங்கயோ இருந்து வரும். சூடான இடமாப் பார்த்துக் குந்தும். இழுத்தாலும் போகாது. வருசம் முடிய முன்னம் குடும்பமாப் பெருகிரும். பேர் வைச்சது என்ட உம்மா. உன்ட வாப்பா மூதூரால மாப்பிள்ளையா வந்த கிழமையே வீட்டில எல்லாரும் சொறியத் தொடங்கிட்டம்."

கதிரையில இருந்த மாமா ஹிஸ்புல்லா பேப்பரை முகத்துக்கு மேல உயர்த்திப் பிடிச்சார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் சொல்ல வேணாமாம் எண்டு சொல்லு. கெஞ்சிக் கேக்கிறன்."

"சரியாம் எண்டு சொல்லு. மருமகன்ட மானம் எங்கட மானம்."

வெள்ளிக்கிழமை புரியாணி, வட்டிலப்பம், எல்லாம் நடந்தது. மாமி அந்தச் சொல்லை எடுக்கேல்லை. பஸ்மியா பாவம், தலை அரிச்சும் கையைத் தூக்கேல்லை, கண்தான் கலங்கினது. அல்ஹம்துலில்லாஹ் எண்டு நுஸ்கி மூச்சு விட்டான்.

அப்பத்தான் அவன்ட உம்மா முக்காட்டுக்குள்ள கையை விட்டுச் சொறிஞ்சா. "ஒரு சீப்புத் தாங்க மகள். வேன்ல ஏறினதில இருந்து இந்தச் சம்மந்திமார் இருக்க விடுறாளுகளில்ல."

"ஆர்?" எண்டு கேட்டா மாமி.

"பேன்தான். எங்கட வீட்டில சம்மந்தியெண்டுதான் சொல்லுறது. வந்து நல்லாத் திண்டுட்டு, போகேக்க ஈரையும் விட்டுட்டு..." உம்மா அதோட வாயை மூடினா. எந்த வீட்டுப் பாயில இருந்து கதைக்கிறா எண்டது அப்பத்தான் உறைச்சது.

நுஸ்கிக்குத் தலை சுத்தினது. பிறந்ததில இருந்து தானும் அப்பிடித்தான் சொன்னவன். எத்தனை சம்மந்தியை ஆசையாசையாக் குத்தியிருப்பான்! ஒருநாளாவது நெஞ்சு எரிஞ்சதா? கிடையாது.

மாமி எழும்பினா. பேன் சீப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சம்மந்திக்குப் பின்னால குந்தினா. பிறகு முதல் தடவையா அவனை நேர பார்த்துக் கதைச்சா.

"மருமகன், கதவைத் திறந்து விடுங்க, வெளிச்சம் வரட்டும். முதல்ல உங்கட ஆக்களைப் பாப்பம், பிறகு எங்கட ஆக்களைப் பாப்பம்."

நுஸ்கி ஒரு கையால கதவைத் திறந்தான். மற்றக் கையால தன்ட தலையைச் சொறிஞ்சான்.